சமத்துவம் கருதி மூடப்பட்டது

மார்ச் 4

தம்பிக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். நேற்று வீட்டுக்கே வந்து பார்த்தேன். நீ அசந்து தூங்குவதாக உன் மனைவி சொன்னாள். வாசலில் உன் செருப்பைக் காணோம். செருப்பைப் போட்டுக்கொண்டு தூங்கும் பழக்கம் எப்போது வந்தது? பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை, காதெல்லாம் சிவந்துவிட்டது. அதனால்தான் கடிதம். உன் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் ஓட்டக் கூடாத வண்டியில் என் கடிதமாவது மலை ஏறட்டும்.

நான் புகார் கொடுத்திருந்த ஆணையத்தின் உத்தரவு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன். மலை ரூட்டில் ஆண் ஓட்டுநர், பெண் ஓட்டுநர் என்று பிரித்து நடத்தக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். நீ டிப்போ வாசலில் யாரிடமோ, "அவ கேஸுக்கு என் பேரை எதுக்கு இழுக்கிறா?" என்று கத்தினாயாம். காதுக்கு வந்தது.

வேறு யார் பெயரை இழுப்பேன்? பாகுபாடு நடந்தது என்று காட்ட வேண்டுமானால், என்னைப் போலவே இருக்கும் ஓர் ஆணை என் பக்கத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்றார் வக்கீலம்மா. அதே லைசென்ஸ், அதே டிப்போ, என்னைவிடக் குறைந்த அனுபவம், ஆனால் மலை ரூட் கிடைத்தவன். இந்த ஜாடையில் டிப்போவில் உன்னைத் தவிர யாரும் இல்லை. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவன் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பதிலிருந்து உனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தவள் நான். நீ மலைக்குப் போனாய். நான் இன்னும் மார்க்கெட்டுக்கும் ரயில் நிலையத்துக்கும் நடுவே வட்டமடிக்கிறேன். மலை ரூட் ஓட்டாதவர்கள் செக்கர் ஆக முடியாது என்பதும் உனக்குத் தெரியும்.

நான் அந்த ரூட் கேட்டபோது சாவிக்கொத்து என்ன சொன்னார் என்று உனக்கு நான் சொல்லவே இல்லை. டிப்போ மேனேஜர் என்ற மரியாதைக்காக நின்றுகொண்டு கேட்டேன். இடுப்பில் சாவிகளைக் குலுக்கிக்கொண்டே சிரித்தார். "மேல ஒரே ஒரு ரூம்மா. எல்லாம் ஆம்பளைங்க படுக்கிற இடம். உனக்கு அங்க படுக்கணும்னு ஆசையா?" என்றார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ரூட் மட்டும் எனக்குப் போதாது. மேல் டிப்போவில் ஓட்டுநர்கள் இரவு தங்கும் அறையின் சாவியை அந்த ஆள் தன் கையால் என் கையில் கொடுக்க வேண்டும். அதுவரை எனக்கு உறக்கம் இல்லை.

அக்கா

&nbsp;

மார்ச் 11

அக்காவுக்கு,

ஜெயித்துவிட்டாயா? சந்தோஷம். நீ ஜெயித்த லட்சணத்தைச் சொல்கிறேன், கேள்.

போன வாரம் சாவிக்கொத்து மேலே வந்தார். காலையில் வண்டி எடுக்கும் முன் எங்கள் எல்லோரையும் அறை வாசலில் வரிசையாக நிற்க வைத்தார். "சமத்துவம் கேட்டாங்க. உத்தரவும் வந்துடுச்சு. பொம்பளைங்களுக்கு ரூம் இல்லைன்னா ஆம்பளைங்களுக்கும் இல்லை. இப்ப எல்லாரும் சமம். நன்றி சொல்லணும்னா இவனோட அக்காவுக்குச் சொல்லுங்க" என்று என்னைக் கைகாட்டினார். அறையைப் பூட்டினார். கட்டில்களும் கம்பளிகளும் ஹீட்டரும் உள்ளே. நாங்கள் வெளியே.

இப்போது எல்லோரும் வண்டியிலேயே படுக்கிறோம். மேலே காற்று எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியாது, நீ வந்ததில்லை. ஜன்னல் கண்ணாடி எதுவும் முழுசாக மூடாது. சீட்டில் காலை நீட்டினால் கம்பி இடிக்கும், மடக்கினால் முட்டி பிடித்துக்கொள்ளும். மறுநாள் அதே காலால்தான் பிரேக் மிதித்து இறங்க வேண்டும். எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 'சமத்துவம்'. "சமத்துவம், டீ குடிக்க வர்றியா?" "சமத்துவம், உன் அக்கா எங்களுக்கு மெத்தை அனுப்புவாங்களா?" எங்களில் மூத்த ஓட்டுநர் பெரிய மீசை மட்டும்தான் கிண்டல் செய்வதில்லை. அவர் இருமிக்கொண்டே இருக்கிறார்.

இன்னொன்றும் கேள். கதவில் ஒரு பலகை மாட்ட வேண்டும் என்றார் சாவிக்கொத்து. ரூட் போர்டெல்லாம் என் கையெழுத்துதான் என்பதால் பெயின்டையும் பிரஷ்ஷையும் என்னிடமே கொடுத்தார். 'சமத்துவம் கருதி மூடப்பட்டது' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். உன்மேல் இருந்த ஆத்திரத்தில் சந்தோஷமாகவே எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது. எல்லோரும் பாராட்டினார்கள்.

இனி எனக்குக் கடிதம் எழுதாதே.

தம்பி

உன்னிடம் இருக்கும் அந்தத் தடித்த பச்சைக் கம்பளியைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பு.

&nbsp;

மார்ச் 14

தம்பிக்கு,

கம்பளி அனுப்பியிருக்கிறேன். கம்பளி வேண்டும், கடிதம் வேண்டாம் என்றால் எப்படி? இரண்டும் சேர்ந்துதான் வரும்.

உன் கடிதத்தை வக்கீலம்மாவிடம் சொன்னபோது அவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அவர் அறை எவ்வளவு சின்னது என்று உனக்குத் தெரியாது. எழுந்தால் தலை ஃபைல் அலமாரியில் இடிக்கும். இடித்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். "பலகையா? பெயின்ட்லயா? அவரே எழுதச் சொன்னாரா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஏன் தெரியுமா? முதல் உத்தரவுக்குப் பல் கிடையாது. 'ஒரே மாதிரி நடத்து' என்று மட்டும்தான் அதில் இருக்கிறது. எல்லோரையும் ஒரே மாதிரி மோசமாக நடத்தினால் அதை என்ன செய்வது? வெளிநாடு ஒன்றில் இப்படி நடந்ததாம். ஊர் நீச்சல் குளத்தில் ஒரு நிறத்தாரை மட்டும்தான் விட்டார்களாம். எல்லோரையும் விடு என்று கோர்ட் சொன்னதும், குளத்தையே மூடிவிட்டார்கள். சில ஊர்களில் மண்ணைக் கொட்டி நிரப்பினார்களாம். வழக்கு அந்த நாட்டின் பெரிய கோர்ட் வரை போனது. எல்லோருக்கும்தானே மூடினார்கள், இதில் பாகுபாடு எங்கே என்று கேட்டுத் தள்ளிவிட்டார்கள். யாரோ ஒரு குழந்தை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மண் நிரம்பிய குளத்தைப் பார்த்திருக்கும் இல்லையா?

ஆனால் நம் சட்டத்தில் இன்னொரு கதவு இருக்கிறது. புகார் கொடுத்தவளைப் பழிவாங்குவதற்காக எதையாவது செய்தால், அது தனிக் குற்றம். அதற்குக் கம்பெனி மட்டும் அல்ல, செய்த ஆளும் நேரில் நின்று பதில் சொல்ல வேண்டும். இனி அந்த அறை பொதுக் காரணத்துக்காக மூடப்பட்டதா, என்னை எல்லோரும் வெறுக்க வேண்டும் என்று மூடப்பட்டதா என்பதுதான் கேள்வி.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்த ஆள் இப்படி ஏதாவது செய்வார் என்று எனக்குத் தெரியும். தோற்றுப்போய் அடங்கியிருக்கிற குணம் அவருக்கு இல்லை. உத்தரவு வந்த அன்றே அவர் மேசை முன்னால் போய் நின்று, "எப்ப சார் சாவி தரப் போறீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். அதன் பிறகு காத்திருந்தேன், அவ்வளவுதான்.

நீ சாட்சி சொல்ல வேண்டும்.

அக்கா

&nbsp;

மார்ச் 22

அக்கா,

தெரியுமா? தெரிந்தேதான் போய்ச் சீண்டினாயா?

பெரிய மீசையை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. வண்டியிலிருந்து இறக்கும்போது அவர் கை ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது. விரலை விரிக்க முடியவில்லை. நான்தான் தாங்கிப் பிடித்தேன். அந்த நேரத்தில் உன் வக்கீலம்மா தலையைத் தேய்த்துக்கொண்டு சிரித்தது ஞாபகம் வந்தது. உன்னை நேரில் பார்த்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

தூண்டிலைப் போட்டவள் நீ. மீன் சாவிக்கொத்து. அப்போது நாங்கள் யார்? புழுவா?

பலகையை எடுத்துவிட்டார்கள். யாரோ கம்பெனி வக்கீல் மேலே வந்து பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாராம். இப்போது வேறு பலகை, 'குழாய் பழுது' என்று. அதை நான் எழுதவில்லை. எழுத்து கோணலாக இருக்கிறது.

சாவிக்கொத்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். "அடுத்த செக்கர் நீதான். உங்க அக்கா மாதிரி இல்ல நீ, விவரமானவன்" என்றார். என் மனைவிக்கு இது ஆறாவது மாதம். செக்கர் ஆனால் பகல் வேலை, தினமும் வீடு. எனக்கு அது வேண்டும். வெட்கப்படாமல் சொல்கிறேன், வேண்டும்.

உன் பழிக்கு என் முதுகை மெத்தையாக விரிக்காதே. நான் சாட்சிக்கு வர மாட்டேன்.

தம்பி

&nbsp;

மார்ச் 27

தம்பிக்கு,

இந்தக் கடிதம் தபாலில் வருகிறது. கண்டக்டர்கள் என் கையிலிருந்து காகிதம் வாங்கினால் மெமோ என்று சொல்லியிருக்கிறார் சாவிக்கொத்து. உன் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொள்கிறார். டிக்கெட்கூடக் கொடுக்க மாட்டார் போலிருக்கிறது.

பெரிய மீசையைப் போய்ப் பார்த்தேன். வராந்தாவிலேயே அவர் மனைவி மடக்கினாள். "உனக்கு ரூட் வேணும்னா என் புருஷன் சாகணுமா?" என்றாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கேட்டது நியாயம். உள்ளே போனேன். அவர் என்னைப் பார்த்து, "உன்னைத் திட்டணும்னுதான் இருந்தேன், இருமல் விட மாட்டேங்குது" என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். பிறகும் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அறையின் பூட்டு என் கையிலா இருக்கிறது? மேலே குளிரில் கிடக்கும் நீங்கள் எல்லோரும் கீழே இருக்கிற என்னைத் திட்டுகிறீர்கள். சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு உங்கள் எதிரிலேயே நடக்கிற ஆளிடம் ஒருவராவது, "திறங்க சார்" என்று கேட்டீர்களா? நீங்கள் என்னைத் திட்ட வேண்டும் என்பதுதான் அவர் விரும்பியது. நீங்களும் மறுபேச்சில்லாமல் அப்படியே நடந்துகொண்டீர்கள். உனக்கு மலை ரூட் கிடைத்த அன்று என் வீட்டில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாய். "உனக்கு ஏன்க்கா கிடைக்கல?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று விழுந்த முள் இன்னும் தொண்டையில் இருக்கிறது.

செக்கர் வேலை உனக்கு வேண்டும் என்கிறாய். எனக்கும்தான் வேண்டியிருந்தது.

ஆணையத்திலிருந்து உனக்குச் சம்மன் வரும். நான்தான் உன் பெயரைக் கொடுத்தேன். வந்து பொய் சொல்வதானாலும் என் கண்ணெதிரே நின்று சொல்.

அக்கா

&nbsp;

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

சம்மன் வந்தது. என் மனைவிதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். போலீஸ் என்று நினைத்து நடுங்கிவிட்டாள். நீ எனக்கு அக்காவா, வாரன்ட்டா?

சம்மன் வந்த விஷயம் சாவிக்கொத்துக்கும் தெரிந்துவிட்டது. மறுபடி டீ. இந்த முறை தோளில் கை போட்டார். "ஒண்ணும் பிரச்சினை இல்லப்பா. அந்தப் பலகையை நீயே விளையாட்டுக்கு எழுதினேன்னு சொல்லிடு. அக்கா மேல கோபம், சின்ன வயசு, யாரும் உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எழுத்து உன்னோடதுதானே?" என்றார்.

எழுத்து என்னுடையதுதான். நான் டீயைக் குடித்து முடித்தேன். "சரி சார்" என்றேன். வெளியே வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உடம்பு கொதித்தது. உன் மேல் இத்தனை நாள் இருந்த கோபம் எல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. பெரிய மீசையைப் படுக்க வைத்த குற்றத்தையும் என் தலையில் கட்டிவிட்டு, அதற்குக் கூலியாக ஒரு செக்கர் தொப்பி கொடுக்கப் பார்க்கிறார். என்னை விவரமானவன் என்று சொன்னது இதற்குத்தான்.

அந்தப் பழைய பலகையை எரித்துவிட்டார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். விறகுக் குவியலில் போடச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார். நல்ல தடித்த பலகை, எரிக்க மனசு வரவில்லை. இரண்டு சீட்டுக்கு நடுவே குறுக்கே போட்டால் கால் நீட்டிப் படுக்கலாம். இத்தனை நாளும் அதன் மேல்தான் உன் பச்சைக் கம்பளியை விரித்துப் படுக்கிறேன். எழுத்து கீழ்ப்பக்கம்.

உன் கேஸுக்காக இதைச் சொல்லவில்லை. உன்னோடு எனக்கு இன்னும் பேச்சு இல்லை. இது எனக்கும் அந்த ஆளுக்கும் நடுவே.

தம்பி

&nbsp;

மே 3

தம்பிக்கு,

விசாரணை முடிந்ததும் படியிறங்கி நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாய். பின்னாலேயே ஓடி வந்தேன். யூனிஃபார்ம் செருப்பில் ஓட முடியவில்லை.

நீ கம்பளியில் சுற்றி அதைத் தூக்கி வந்தபோதும் யார் பக்கம் பேசப் போகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. சாவிக்கொத்து உன்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார். "பலகையை யார் எழுதினது?" என்று கம்பெனி வக்கீல் கேட்டதும், "நான்தான்" என்று சொன்னாய். அந்தச் சிரிப்பு இன்னும் அகலமானது. என் உயிர் போய்விட்டது. பிறகு நீ, "அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'கருதி'ங்கிற வார்த்தையை அவர்தான் போடச் சொன்னார். எனக்கு அவ்வளவு நல்ல தமிழ் வராது" என்று சொல்லிவிட்டுக் கம்பளியைப் பிரித்தாய்.

அப்போது சாவிக்கொத்தின் முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கை தானாக இடுப்புக்குப் போய் சாவிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சத்தம் வரக் கூடாது என்பது போல.

கம்பெனி வக்கீல் விடவில்லை. இப்படி நடக்கும் என்று உன் அக்காவுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டார். நீ என் பக்கம் திரும்பினாய். அன்று முழுவதும் அந்த ஒரு முறைதான் என்னைப் பார்த்தாய். "தெரியும்" என்றாய். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "பாம்பு கொத்தும்னு எங்க அக்காவுக்குத் தெரியும் சார். அதுக்காக கொத்தினது எங்க அக்கான்னு ஆயிடுமா?" என்றாய்.

என்னை நீ காட்டியும் கொடுத்தாய், காப்பாற்றியும் விட்டாய். இதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா, சண்டை போட வேண்டுமா?

அக்கா

&nbsp;

ஜூன் 12

அக்காவுக்கு,

இரண்டும் வேண்டாம்.

தீர்ப்பை வாசித்திருப்பாய், உன்னைப் பழிவாங்கத்தான் பூட்டினார் என்று எழுதிவிட்டார்கள். அறையைத் திறந்துவிட்டார்கள். உள்ளே ஒரே பூஞ்சை வாடை. குழாய் ஒழுங்காகத்தான் இருக்கிறது, திறந்ததும் தண்ணீர் கொட்டியது. எல்லோரும் சிரித்தோம். பெரிய மீசை வேலைக்குத் திரும்பிவிட்டார். ஹீட்டர் பக்கத்துக் கட்டில் இனி அவருக்கு. யாரும் கேட்கவில்லை, தானாகவே விட்டுக்கொடுத்துவிட்டோம்.

டயர் கிடங்கைக் காலி செய்து பெண் ஓட்டுநர் அறையாக மாற்றுகிறார்கள். உனக்குப் பிடித்த செய்தி இனிமேல்தான். கம்பெனி சாவிக்கொத்தைக் கீழே வைத்திருக்க முடியாமல் மேல் டிப்போவுக்குப் பொறுப்பாளராகத் தூக்கிப் போட்டுவிட்டது. வேலை என்ன தெரியுமா? வருகிற ஓட்டுநர்களுக்கு அறை காட்டுவது. பெண்கள் அறைச் சாவியைப் பொறுப்பாளர் ஓட்டுநரின் கையில் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது. உன் வக்கீலம்மா வேலையா இது?

செக்கர் தேர்வுக்கு நானும் எழுதிப் போட்டிருக்கிறேன், நீயும் போடுவாய். நியாயமாக நடந்தால் நீதான் ஆவாய். எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ரூட் அட்டவணை வந்துவிட்டது. நீ ஏறும் நாளில் நான் இறங்குகிறேன், நான் ஏறும் நாளில் நீ இறங்குகிறாய். நடுவழியில் கடப்போம். பேசிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. நல்லதாகப் போயிற்று.

பலகையை ஆணையத்திலிருந்து திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்ன செய்வது என்று யோசிக்கிறேன்.

தம்பி

&nbsp;

ஜூலை 1

தம்பிக்கு,

மேலே வந்துவிட்டேன். பெண்கள் அறையிலிருந்து எழுதுகிறேன். இன்னும் டயர் வாசனை போகவில்லை. ஜன்னல் முழுசாக மூடுகிறது, சரிபார்த்துவிட்டேன்.

பாதி வழியில் உன் வண்டி வந்தபோது நீ ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டாய். நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், சிலை மாதிரி. சரி, இருக்கட்டும்.

பயணிகள் இறங்கியதும் பொறுப்பாளர் அறைக்குப் போனேன். சாவிக்கொத்து தலை நிமிரவில்லை. சுவரில் இருந்த ஆணியைக் காட்டி, "அங்க மாட்டியிருக்கு, எடுத்துக்கோ" என்றார். நான் எடுக்கவில்லை. "கையில குடுக்கணும் சார்" என்றேன். காது கேட்காதவர் போல எதையோ எழுதினார். நான் நின்றேன். கண்டக்டர் வந்து எட்டிப் பார்த்தார். பெரிய மீசை வந்து கதவில் சாய்ந்துகொண்டார். ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மாலை வெயில் மேசையிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. நான் கால் மாற்றிக்கூட நிற்கவில்லை.

கடைசியில் எழுந்தார். ஆணியிலிருந்து சாவியை எடுத்தார். நான் கையை நீட்டினேன், ஆனால் அவர் பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு அவர்தான் வந்தார். கையில் வைத்தார்.

இத்தனை பாடுபட்டு வாங்கிய பிறகு, நினைத்த அளவு இனிக்கவில்லை என்று எழுதுவேன் என்றுதானே எதிர்பார்க்கிறாய்? இனித்தது தம்பி. அப்படி இனித்தது. நாளைக் காலை சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த முறை வரும்போது மறுபடி வாங்குவேன். அவர் ரிட்டயர் ஆகும்வரை வாங்குவேன்.

மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன். கட்டிலின் உடைந்த சட்டத்துக்குப் பதிலாக உன் பலகை. இந்த முறை எழுத்து மேல்பக்கம். அதன் மேலேயே படுக்கப் போகிறேன். பச்சைக் கம்பளியையும் மடித்து வைத்திருக்கிறாய். துவைத்தது உன் மனைவியாகத்தான் இருக்கும். அவளுக்கு மாதம் நெருங்கிவிட்டது, இனி அவளிடம் கம்பளியெல்லாம் துவைக்கக் கொடுக்காதே.

இந்தக் கடிதத்தை உன் கட்டிலில் வைத்துவிட்டுப் போகிறேன். நாளை மாலை நீ இதைப் படிக்கும்போது நாம் பாதி வழியில் கடந்து முடிந்திருக்கும். நீ ஏறி வருவாய், நான் இறங்குவேன். அதனால் நான் ஒதுங்கி நின்று வழி விட்டிருப்பேன். உன்னைப் பார்த்து ஹாரனும் அடித்திருப்பேன். நீயும் பதிலுக்கு ஒரு தடவை அடித்திருந்தால் சரி. அடிக்காமல் மேலே வந்து சேர்ந்திருந்தாயோ, அடுத்த கேஸ் உன் மேல்தான். வக்கீலம்மாவிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

அக்கா